பிரேக் மாமா காவல் நின்றது

இரண்டு வருடமாக மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்த ஒரு மனிதரிடம் போய், "பக்கத்துலயே நில்லுங்க, ஆனா தொடாதீங்க" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பிரேக் மாமா செய்ததைத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

பிரேக் என்பது அவருடைய மச்சான் வைத்த பெயர். மாமாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அடுக்குமாடிக் கட்டடங்களில் கம்பி, கதவு, பிரேக் எல்லாவற்றையும் சோதிப்பார். துளி சந்தேகம் வந்தாலும் லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிடுவார். மேல்மாடிக்காரர்கள் வாயில் வந்தபடி திட்டுவார்கள். மாமா அசைய மாட்டார். "படியேறினா கால்தாங்க வலிக்கும், உயிர் போகாது" என்பார். வேலையில் இந்தக் குணம் தங்கம். வீட்டில் அது எப்படியிருக்கும் என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்யும் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும் குரல் அவளுடையது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் மைக் அக்கா. அந்த அக்காவுக்கு உட்காதில் ஒரு கோளாறு வந்தது. படுக்கையில் புரண்டு படுத்தாலே அறை முழுக்கச் சுற்றும். நின்றால் தரை ஒரு பக்கமாகச் சாயும். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தாள். குளியலறைக்குப் போவதென்றாலும் மாமாவின் கை வேண்டும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த இரண்டு வருடத்தில் மாமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தும்மினால் ஓடிவந்து நிற்பார்.

மருந்தும் கழுத்துப் பயிற்சியும் வேலை செய்து, தலைசுற்றல் மெல்ல மெல்ல நின்றது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வேலைக்குத் திரும்பினாள், சிரிப்புக்குத் திரும்பினாள். மாமாவின் கை மட்டும் திரும்பவில்லை. அது முழங்கையிலேயே இருந்தது.

அவளுடைய தம்பி வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவன். ஒரே ஆளாகப் பீரோவைச் சுமந்து மாடியேறிய நாளிலிருந்து அவனுக்கும் பெயர் பீரோதான். மற்றவர்களுக்குப் பெயர் வைப்பவனுக்கு ஊர் சும்மா விடுமா? அவன் வார விடுமுறையில் ஜோடி யோகா என்று ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருவர் மல்லாந்து படுத்துக் கால்களை நேரே மேலே நீட்டுவார். அவர் கீழாள். அந்தப் பாதங்களில் இடுப்பைக் கொடுத்து, முன்னால் சாய்ந்து, பறவை மாதிரி மேலே கிடப்பவர் மேலாள். விழுந்தால் தாங்கப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். அவர் காவலாள். இந்த மூன்று பேரும் சேர்ந்தால்தான் வித்தை. இரண்டு பேர் மட்டும் செய்தால் அதற்குப் பெயர் விபத்து என்பாள் வகுப்பு நடத்தும் டீச்சர்.

ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போன அக்கா, "நானும் மேலே போகணும்" என்றாள். தலை சுற்றிப் படுத்திருந்தவளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்! டீச்சர் பிசியோதெரபி படித்தவள். காது டாக்டரின் சம்மதத்தைக் கேட்டு வாங்கிய பிறகே சேர்த்துக்கொண்டாள். சேர்த்த பிறகும் வெகுநாள் தரையிலேயே வைத்திருந்தாள். மேலே ஏறுவதற்கு முன்னால் கீழே இறங்கச் சொல்லிக்கொடுத்தாள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அக்கா தம்பியின் கால்மேல் ஏறும் நிலைக்கு வந்தபோது, அவர்களுக்குக் காவல் நின்ற நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. காவலாள் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. மற்ற ஜோடிகளுக்கு அவரவர் காவலே சரியாக இருந்தது.

"மாமாவைக் கூப்பிட்டுக்கலாம் அக்கா. எப்படியும் அவர் உன்னைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்காரு" என்றான் பீரோ. சனி அவன் நாக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

வகுப்பு ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். முதல் நாளே மாமா வீட்டுக் கட்டிலின் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"மெத்தை வேணாம்ங்க. கீழாளோட முதுகு அமுங்கினா அவர் கால் ஆடும். கால் ஆடினா மேலே இருக்கிறவங்களும் ஆடுவாங்க. மெத்துன்னு இருக்கிறதெல்லாம் பத்திரம் இல்லை. இந்தக் கெட்டி விரிப்புதான் சரி."

மாமா மெத்தையை மூலையில் சாத்தி வைத்தார். அவருக்கு மனசே ஆறவில்லை. ஆனால் அடுத்து டீச்சர் சொன்ன விதி அவருக்குத் தேனாக இனித்தது.

"மூணு பேர்ல யாருக்குச் சரியில்லைன்னு பட்டாலும், 'இறக்கு'ன்னு சொல்லலாம். சொன்ன உடனே இறக்கிடணும். ஏன், எதுக்குன்னு கேக்கக்கூடாது. இறங்கின பிறகு பேசிக்கலாம்."

இப்படி ஒரு விதியை மாமா வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம். அக்கா இடுப்பைத் தம்பியின் பாதத்தில் வைத்தாள். அவளுடைய கால் கட்டைவிரல் தரையை விட்டுக் கிளம்பியது.

"இறக்கு" என்றார் மாமா.

இறக்கினார்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லை, முகம் சிவந்த மாதிரி இருந்தது" என்றார். மறுபடி ஏறினாள். "இறக்கு." இந்தத் தடவை அவள் கை நடுங்கியதாம். அதற்கடுத்து ஜன்னல் அதிர்ந்ததாம். அடுத்தடுத்த வாரங்களிலும் இதே கச்சேரிதான். குரங்கு கையில் பூமாலை கிடைத்த மாதிரி, அருமையான விதி மாமாவின் வாயில் சிக்கிக்கொண்டது. மற்ற ஜோடிகள் கைகளை விரித்துப் பறந்துகொண்டிருக்க, அக்கா ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். விதி விதிதான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. ஆனால் அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. மாமா அவள் இடுப்பையும் கையையும் காலையும் பார்த்தாரே ஒழிய, அதைப் பார்க்கவில்லை.

"புலி வருது, புலி வருது" என்று கத்தியவன் கதி நமக்குத் தெரியும். அன்றைக்குப் புலி வந்தது.

பீரோ வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். கணுக்கால் வலிக்கிறது என்று வழியிலேயே வலி எண்ணெய் தேய்த்திருந்தான். தேய்த்த கையோடு பாதத்தைத் துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அக்கா மேலே போனாள். அதிசயமாக மாமா வாயைத் திறக்கவில்லை. அவள் கால்களை நீட்டினாள். அப்போதுதான் மாமா கவனித்தார். பீரோவின் இடது பாதம் அவள் இடுப்பெலும்பிலிருந்து வழுக்கித் தொடைப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இறக்கு!" என்று கத்தினார்.

"சும்மா இருங்க மாமா, இப்பத்தானே ஏறினா" என்றான் பீரோ.

அவ்வளவுதான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். மாமாவின் கையோ நேரே அவள் மணிக்கட்டுக்குப் போய், பிடித்து, தன் பக்கம் இழுத்தது. நேராக இறங்கியிருக்க வேண்டியவள் முறுக்கிக்கொண்டு விழுந்தாள். அவளுடைய முழங்கை தம்பியின் மூக்கில் இறங்கியது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவளுடைய மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கத் தொடங்கியது.

எலும்பு முறியவில்லை. மூக்கும் உடையவில்லை. டீச்சர் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டே பேசினாள். கோபத்தைக் குரலில் காட்டாதவர்கள் கோபப்பட்டால் இன்னும் பயமாக இருக்கும்.

"எண்ணெய்க் காலோட படுத்தது உன் தப்பு. சொன்னதும் இறக்காதது அதைவிடப் பெரிய தப்பு" என்றாள் பீரோவிடம். பிறகு மாமாவைப் பார்த்தாள். "நீங்க பார்த்தது சரி. சொன்னது சரி. ஆனா அந்த வார்த்தையை நீங்களே சொல்லிச் சொல்லிச் செல்லாததா ஆக்கிட்டீங்க. அப்புறம், மேலாளோட கையைப் பிடிக்கவே கூடாது. கை அவங்களுக்கு வேணும். உடம்பைத்தான் தாங்கணும். தலை மேலே இருக்கணும், கால் தரையைத் தொடணும். அதுக்குத்தான் காவல்."

மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு பீரோ, "தப்பு என்மேலதான் மாமா" என்றான். அது மாமாவுக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். மாமா பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வைத்தார். தண்ணீர் கொண்டுவந்தார். காற்றாடியைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

"உக்காருங்க" என்றாள் அக்கா. உட்கார்ந்தார்.

"அடுத்த தடவை நீங்க வர வேணாம். வேற யாராவது காவலுக்குக் கிடைக்கிற வரைக்கும் நான் காத்துக்கிறேன்."

"கை வலிக்குதேன்னு கோபத்துல பேசாத."

"வலிக்கு இல்லைங்க." அவள் பனிக்கட்டித் துணியைத் தள்ளி வைத்தாள். "ரெண்டு வருஷம் என்னைத் தாங்கினீங்க. அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா நீங்க கையை எடுத்தாத்தானே நான் நல்லாயிட்டேன்னு எனக்கே தெரியும்? தெருவுல நடக்கும்போது நானா நடக்கிறேனா, நீங்க நடத்துறீங்களான்னு எனக்குத் தெரியலை. அந்த மாடியில தெரிஞ்சுக்கலாம்னு போனேன். அங்கேயும் நீங்க விடலை."

மாமா வாயைத் திறந்தார். விபத்தைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, தான் சொன்னது சரியாக இருந்ததைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. மேசையில் சொட்டிய பனிநீரைத்தான் துடைத்தார். அவள் பேசும்போது ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். தன் அன்பு அவளுக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டதோ என்று முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது.

அடுத்த வகுப்புக்கு முன்பே அவர் அச்சகத்து மாடியேறி டீச்சரைப் பார்த்தார். "எனக்குக் காவல் நிக்கச் சொல்லிக்குடுங்கம்மா. கை தானா போகுது. என்னால அடக்க முடியலை" என்றார். வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளை மாதிரி நின்றார்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அது சொல்லிக்குடுத்து வராது. நீங்க மேலே போங்க."

"நானா? என் எடை என்னன்னு தெரியுமா?"

"உங்க மச்சான் பீரோ தூக்குறவர்தானே?"

இப்படித்தான், அக்காவும் பீரோவும் வகுப்புக்கு வந்ததும், தொந்தியும் தொப்பையுமாக மாமா மேலாள் ஆனார். பீரோ சோப்புப் போட்டுக் கால் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, படுத்து, கால்களைத் தன் இடுப்புக்கு நேர்மேலாக நீட்டினான். எலும்பின்மேல் எலும்பு நேராக நின்றால் சதைக்கு வேலை குறைவு, எடை தானாகத் தரைக்குப் போய்விடும் என்றாள் டீச்சர். ஒரு பக்கம் அவளே நின்றாள். மறுபக்கம் காவல் நிற்க அக்காவைக் கூப்பிட்டாள். மணிக்கட்டு இன்னும் தேறவில்லையே என்று மாமா தயங்கினார். கனத்தைத் தாங்கத் தான் இருப்பதாகச் சொன்னாள் டீச்சர். அக்காவின் வேலை பார்ப்பது.

"எல்லாரும் தயாரா?" ஒவ்வொருவராகத் தயார் என்றார்கள். மாமா மட்டும் தொண்டையைச் செருமினார்.

பாதங்கள் அவர் இடுப்பில் பதிந்தன. கால் தரையை விட்டு ஓர் அங்குலம்கூடக் கிளம்பியிருக்காது.

"இறக்கு!"

சட்டென்று இறக்கிவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. பீரோகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். கேலிக்குத் தயாராக நின்ற மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னால் இறக்குவார்கள் என்பது நிச்சயம் என்றால், கொஞ்சம் மேலே இருந்துதான் பார்க்கலாமே என்று தோன்றியது. அவராகவே போய் மறுபடி இடுப்பைக் கொடுத்தார்.

இந்தத் தடவை மேலே போனார். யானைக்கு இறக்கை முளைத்தால் எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தரை எங்கேயோ இருந்தது. உடம்பு இடதுபக்கம் சாய்ந்தது. கண்ணெதிரே மனைவியின் கைகள் தெரிந்தன, தொட்டுவிடும் தூரத்தில்.

"பிடி! பிடி!" என்று அலறினார்.

அவள் பிடிக்கவில்லை. "மூச்சு விடுங்க. காலை நீட்டுங்க, விரலைப் பின்னால தள்ளுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

மூச்சை விட்டார். காலை நீட்டினார். சாய்ந்துகொண்டிருந்த உடம்பு எங்கேயோ ஒரு புள்ளியைப் பிடித்து நின்றது. பக்கத்தில் நின்ற யாரும் தொடவில்லை, அவராகவே நின்றார். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கீழுதட்டைக் கடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் ஆடியபோதெல்லாம் அவள் கைகளும் கூடவே ஆடியிருக்கின்றன, தொடாமல். பிடிக்காதவளுக்குப் பயமில்லை என்று அவர் எண்ணியிருந்தார். அவளுக்கும் உயிர் போய்த்தான் வந்திருக்கிறது. அதை அவள் தன்னிடமே வைத்துக்கொண்டாள், அவர் தலையில் இறக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அது அவருக்குப் புரிந்தது. மேலே இருந்தபடி அழுதால் கீழே இருக்கிறவன் முகத்தில்தானே விழும் என்று அழுகையை அடக்கிக்கொண்டார்.

மணிக்கட்டு முழுக்கத் தேறும் வரை அக்கா மேலே போகவில்லை. அந்த நாட்களில் மாமா மற்ற ஜோடிகளுக்குக் காவல் நின்று பழகினார். அந்நியர்கள் என்றால் கை சொன்னபடி கேட்டது. தன்னுடையது என்றால்தானே பதறும்? அக்கா தள்ளி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு காவல் தேடுவதைப் பற்றி அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் "நீங்களே நில்லுங்க" என்றும் சொல்லவில்லை.

அவள் மறுபடி ஏறும் நாள் வந்தது. விரிப்பருகே நின்று, "யார் காவல்?" என்று கேட்டாள் டீச்சர்.

மாமா முன்வரவில்லை, அதுவே அவருக்குப் பெரிய சாதனை. அக்கா திரும்பிப் பார்த்து, "வாங்க" என்றாள்.

தயாரா, தயார், தயார். அக்கா மேலே போனாள். மாமாவின் கைகள் அவள் தோளுக்கும் இடுப்புக்கும் அருகில் போய் நின்றன. கை போகத் துடித்தது, வாய் திறக்கத் துடித்தது. கால்களை நீட்டினாள். பிடித்திருந்த தம்பியின் கைகளை ஒவ்வொன்றாக விட்டாள். ஆடினாள். மாமா அவளோடு சேர்ந்து மூச்சை விட்டார். ஆட்டம் நின்றது. அக்கா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை மாமா பல வருடமாகப் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அவள் தலையை நிமிர்த்தி இன்னும் கொஞ்சம் முன்னால் எட்டினாள். அந்தக் கொஞ்சம் அதிகம். இடுப்பு பாதங்களை விட்டு நழுவியது. "இறக்கு" என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

மாமா பின்வாங்கவில்லை, இழுக்கவில்லை. ஓர் எட்டு உள்ளே வைத்தார். ஒரு கை அவள் தோளின்கீழ், ஒரு கை இடுப்பில். முழு எடையும் அவர்மேல் வந்தது. தலை மேலேயே இருந்தது. அவள் கால்கள் கீழே வந்தன, தரையைத் தேடின, கண்டுபிடித்தன. நின்றாள்.

பீரோ படுத்தபடியே கண்ணை உருட்டிப் பார்த்தான்.

"விழுந்துட்டேன்" என்றாள் அக்கா. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. தன் காலைப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள். பிறகு பேருந்து நிலையமே கேட்கிற குரலில், "ஏங்க, நான் விழுந்துட்டேங்க!" என்று சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடக்கூடாது, விழுந்துவிடக்கூடாது என்று வீடே இரண்டு வருடம் மூச்சடக்கி வாழ்ந்திருந்தது. விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று அவளும் நம்பியிருந்தாள். அன்றைக்கு இழுபட்டு விழுந்தது வேறு; இன்றைக்குத் தானாகவே விழுந்தாயிற்று. ஒன்றும் முடியவில்லை.

மாமாவின் கைகள் இன்னும் அவள்மேல் இருந்தன. அவரே அதைக் கவனித்தார். முதலில் தோளிலிருந்து, பிறகு இடுப்பிலிருந்து, தாமாகவே எடுத்துக்கொண்டார். அவள் ஆடாமல் நின்றாள். அவர்தான் கண் கலங்க நின்றார்.

"அக்கா, இன்னைக்கு இது போதுமா?" என்று கேட்டான் பீரோ.

அவள் புருஷனைப் பார்த்தாள். டீச்சரும் அவரைத்தான் பார்த்தாள். என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும் போலிருந்தது.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னை ஏன் பார்க்கிற?" என்றார். "ஏறு."